கண் காணாத இடத்துக் கறள்

இரும்பைக் கறள் தின்னும் என்பது எவரும் அறிந்த செய்தி. கடலுக்கு அண்மையில் வாழும் யாழ்ப்பாணத்தவர்க்கு அதனை யாரும் புதிதாய் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. யன்னற் கம்பியும் கிணற்றுக் கப்பியும் சைக்கிட் சங்கிலியும் உப்புக் காற்றிலே நாளுக்கு நாள் நலிவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். எனினும், கறளின் வல்லமையை நாம் உள்ளபடி உணர்ந்தது யாழ்ப்பாணத்தில் அன்று. கடலுக்கு வெகுதொலைவிலுள்ள ரொறன்ரோ நகரில், 2019ஆம் ஆண்டு மாசி மாதத்திலே.

அந்நகரின் ஸ்காபரோப் பகுதியிலே எமது தமையனார் நெடுங்காலமாகக் குடியிருக்கின்றார். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து சேர்த்த பணத்தில் அவர் முதன்முதல் வாங்கிய புதிய கார், 2004ஆம் ஆண்டில் வந்தது. பின்னர் வேறொரு காரும் வாங்கினார். ஆயினும் பழையதைக் கைவிட மனம் வரவில்லை. அதனை அவருடைய மகன் பல்கலைக்கழகத்துக்கு ஓட்டிச் சென்றான். கோடை காலத்தில் ஞாயிறுதோறும் தமையனார் அக்காரைக் கழுவி, மெழுகு தேய்த்து, முகம் பார்க்கலாம் என்னும்படி மினுக்கி வைப்பாராம். நாம் போயிருந்தது உறைபனிக் காலம். அப்பொழுதும் அதன் நீல வண்ணம் மங்கவில்லை.

"அண்ணா, பதினைந்து வயசுக் கார் என்று ஒருத்தரும் சொல்லாயினம்" என்று நாம் மெச்சினோம். தமையனார் பெருமையோடு சிரித்தார். தந்தையார் விட்டுச்சென்ற பழைய கார் ஒன்று எமது வீட்டிலும் நிற்பதால், இவ்விடயத்தில் எமக்குச் சிறிது ஞானம் உண்டு என்பது எமது எண்ணம்.

மூன்றாம் நாள், பெறாமகன் எம்மை நூலகத்துக்கு அழைத்துச் சென்றான். இறக்கமான தெரு, கீழே நாற்சந்தி, சிவப்பு விளக்கு. அவன் பிறேக்கை மிதித்தான். மிதி தடையின்றிக் கீழே போய் அடித்தட்டைத் தொட்டது. "சித்தப்பா, பிறேக் பிடிக்கேல்லை!" என்றான். இக்காலக் கார்களில் பிறேக் எண்ணெய் இரண்டு வழிகளாகப் பிரிந்து செல்வதால், ஒன்று பழுதுபட்டாலும் மற்றையது ஓரளவு தாங்கும். அந்த அரைப் பிறேக்கினாலும், கைப்பிறேக்கினாலும், தெருவோரத்திற் குவிந்திருந்த வெண்பனி மேட்டினாலும் கார் நின்றது. எவருக்கும் காயமில்லை. ஆயினும் சில நிமிடங்கள் நாம் இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

காரைத் திருத்தகத்துக்கு இழுத்துச் சென்றார்கள். திருத்துநர் நம் ஊரவரே. காரை மேலே உயர்த்தி, எம்மை அதன் கீழே அழைத்து விளக்கைப் பிடித்தார். மேலே நீல மணிபோல் ஒளிர்ந்த கார், கீழே பட்டுப்போன மரப்பட்டை போல் உதிர்ந்துகொண்டிருந்தது. பிறேக் எண்ணெய் செல்லும் மெல்லிய உருக்குக் குழாயில் ஊசித்துளை ஒன்று. அதுவே அன்றைய ஆபத்துக்குக் காரணம். கதவுகளின் கீழே நீளவாட்டில் ஓடும் தகட்டுப் பெட்டியை அவர் திருப்புளியாற் குத்தினார். அது கடதாசியைத் துளைப்பதுபோல் உள்ளே சென்றது.

"மாஸ்ரர், மேலுக்குப் பூசிற மெழுகு பாக்கிற ஆக்களுக்கு. கீழுக்குப் பூசிற எண்ணெய்தான் காருக்கு" என்றார் அவர்.

அவர் சொல்லியவற்றையும், பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துக் கூறுகின்றோம். குளிர்நாட்டிலே உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று அரிது. ஆதலால் இது யாருக்கேனும் பயன்படும்.

தெருவிற் பனி உறைந்து வழுக்காதிருக்க அங்கே உப்பைத் தூவுகின்றார்கள். ஒன்ராறியோ மாகாணத்தின் கோட்ரிச் என்னும் ஊரில், ஹூரன் ஏரிக்கு அடியிலே, ஏறத்தாழ 550 மீற்றர் ஆழத்தில், உலகின் மிகப் பெரியதெனப் பெயர்பெற்ற நிலக்கீழ் உப்புச் சுரங்கம் உண்டு. ஆனையிறவில் விளையும் உப்பும் அங்கே வெட்டியெடுக்கும் உப்பும் இரசாயனத்தில் ஒன்றே. இரண்டும் சோடியங் குளோரைட்டு. உப்புக் கலந்த நீர் பூச்சியப் பாகையில் உறையாது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையளவைத் தாண்டினால் வெறும் உப்பின் வேகம் குறையும். அப்பொழுது கல்சியங் குளோரைட்டு முதலியவற்றையும் சேர்ப்பதுண்டு. இவை காற்றிலுள்ள ஈரத்தையும் தம்பால் இழுக்க வல்லவை. எனவே, மழையும் பனியும் இல்லாத நாளிலும் காரின் அடிப்புறம் ஈரமாகவே இருக்கும்.

இரும்பும் நீரும் ஒட்சிசனும் கூடினாற் கறள் உண்டாகும். நீரில் உப்பிருந்தால் அது மின்னை எளிதிற் கடத்தும். கறளும் விரைந்து பரவும். இரும்பிலும் பார்க்கக் கறள் பருமனிற் பெரிது. ஆதலால் அது பூச்சை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளமாக எழுப்புகின்றது. நாம் கொப்புளத்தைக் காணும்பொழுது நோய் முற்றியிருக்கும். கறளின் மேலே பூசப்படும் வண்ணம் நோயை மறைக்குமேயன்றி மாற்றாது. உலோகம் வெளுக்கும்வரை சுரண்டிய பின்னரே பூச வேண்டும்.

காவல் செய்யும் வழி கடினமானதன்று. பனிக்காலத்துக்கு முன்னர், ஆண்டுதோறும், கழுவி உலர்ந்த காரின் அடிப்புறத்துக்கும் கதவுகளின் உட்புறத்துக்கும் கறள்தடுப்பு எண்ணெய் விசிற வேண்டும். பிறேக் தட்டுகளிலும் சூடேறும் புகைக்குழாயிலும் அது படலாகாது. கதவுகளின் அடியில் நீர் வடிவதற்கென விட்ட சிறு துவாரங்களைச் சேறும் சருகும் அடைத்திருந்தால் கம்பியால் நீக்க வேண்டும். பனிக்காலத்தில் வெயில் எறித்து உறைநிலை தளரும் நாள்களிலே அடிப்புறத்தையும் சில்லுக் குடைவுகளையும் நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். வசந்தம் பிறந்ததும் முழுதாய் ஒருமுறை கழுவுதல் இன்றியமையாதது. ஏனெனில், சூடு கூடக் கறளின் வேகமும் கூடும். உப்பேறிய காரை வெப்பமூட்டிய கொட்டகையில் நிறுத்துவது அன்பினாற் செய்யும் தீங்காகும்.

சிலர் தடித்த தாரைப் பூசிவிட்டு இனிக் கவலையில்லை என்றிருப்பர். அது வெடித்தால் வெடிப்பின் வழியே புகுந்த உப்புநீர் வெளியேறாது உள்ளேயே தங்கும். 1824ஆம் ஆண்டில் ஹம்பிறி டேவி என்னும் ஆங்கில அறிஞர், கப்பலின் செப்புத் தகட்டோடு நாகத்தை இணைத்தால் நாகம் தான் அழிந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். இக்காலக் கார்களின் தகடுகளில் நாகம் பூசுவதும் அத்தகைய காவலே. ஆயினும், தன்னையே கொடுத்துக் காப்பது ஒரு நாள் தீர்ந்துபோகும். ஒருமுறை செய்து என்றைக்கும் மறந்திருக்கத்தக்க காவல் எதுவும் இல்லை.

அன்றிரவு தமையனார் நெடுநேரம் உறங்கவில்லை. "ஒவ்வொரு ஞாயிறும் துடைச்சனான், தம்பி. ஒருநாளாவது குனிஞ்சு பாக்கேல்லை" என்றார். எமக்கு மறுமொழி வரவில்லை. மேற்பூச்சைக் கண்டு மெச்சியவர்கள் அல்லவா நாம்! உருக்குக் குழாய்களை நீக்கி, செம்பும் நிக்கலும் கலந்த குழாய்களை இட்டார்கள்; உளுத்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு ஒட்டினார்கள். அதன்பின் தமையனார் வீட்டில் ஐப்பசி தோறும் எண்ணெய் விசிறல் தவறவில்லை. அக்கார் மேலும் நான்கு பனிக்காலம் ஓடி, 2023ஆம் ஆண்டில் விடைபெற்றது.

நாம் ஊர் திரும்பிய மறுநாள் காலை, முற்றத்தில் பழம்பாய் ஒன்றை விரித்து, விளக்குடன் தந்தையாரின் காருக்குக் கீழே புகுந்தோம். அங்கே கண்டதை எழுத வெட்கமாயிருக்கின்றது. உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஒன்று நின்றால், அடுத்த ஞாயிறு துடைக்கத் தொடங்குமுன், ஒருமுறை குனிந்து பாருங்கள்.