மாடிக்கு ஓர் இரும்புப் படிக்கட்டு

வீடு கட்டுகிறவர்கள் தலைவாசலுக்கும் பூஜை அறைக்கும் செலுத்துகிற கவனத்தில் பாதியையேனும் மாடிப் படிக்கட்டுக்குச் செலுத்துவதில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம். கட்டடம் முடிந்து, கையிருப்பும் கரைந்த பிறகு, கிரில் பட்டறைக்காரரை அழைத்து, 'ஒரு படி போட என்ன ஆகும்?' என்று கேட்பதே நம்மவர் வழக்கம். நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வெளிப்புறமாக இரும்புப் படிக்கட்டு அமைக்கத் தீர்மானித்தபோது, விலை விசாரணையைச் சற்றே ஒத்திவைத்து, அதில் ஏறப் போகிறவர் யார் என்பதையே முதலில் ஆலோசித்தோம்.

அவர்களில் பிரதானமானவர் எழுபது வயதைக் கடந்த என் தாயார். சித்திரை வெயிலில் வடகம் பிழியவும் மிளகாய் உலர்த்தவும் இரு கைகளிலும் தாம்பாளத்தை ஏந்தி அவர் ஏறும்போது, கைப்பிடி உதவாது, காலடியும் கண்ணுக்குத் தெரியாது. முதலிரண்டு படிகளில் பாதம் அறிந்துகொண்ட உயரத்தை நம்பியே மற்றப் படிகளையும் கடக்க வேண்டும். ஆகையால், எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருப்பது எந்த அலங்காரத்தைக் காட்டிலும் முக்கியமாகிறது. இது குலைவது பெரும்பாலும் தரையினால்தான். பூச்சு முடியாத தரையிலிருந்து அளவெடுத்துப் படியை நிறுத்திவிட்டுப் பிற்பாடு டைல்ஸ் பதித்தால், கலவையும் கல்லுமாக இரண்டு அங்குலம் உயர்ந்து முதற்படி குட்டையாகிவிடும். மேலே தட்டோடு பதித்தாலோ கடைசிப் படி அதே அளவு நெட்டையாகிவிடும். அளவெடுக்க வருவதற்கு முன்பே, முடிவான தரைமட்டம் இன்ன இடத்தில் வரும் என்று கீழும் மேலும் சுவரில் கோடு போட்டு வைத்தோம்.

கோட்டுக்குக் கோடு 126 அங்குலம். அதைப் பதினெட்டால் வகுத்தால் சரியாக 7 அங்குலம். ஆனால் படிகள் ஒற்றைப்படையாகவே இருக்க வேண்டும் என்பது அம்மாவின் நம்பிக்கை. பதினேழாக்கினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7.4 அங்குலமாகி, தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புகளுக்கு அனுமதிக்கும் 19 சென்டிமீட்டர் உச்சத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். விதி இடம் கொடுத்தாலும் முழங்கால் இடம் கொடாது. பத்தொன்பதாக்கினோம், உயரம் 6.6 அங்குலமாகத் தணிந்தது. உயரத்தின் இரு மடங்கோடு மிதியின் அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலம் வர வேண்டும் என்று, 1675-இல் வெளிவரத் தொடங்கிய தம் கட்டடக்கலை நூலில் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா பிளோந்தெல் வகுத்த பிரமாணத்தை அனுசரித்து, மிதியை 11 அங்குலமாக நிர்ணயித்தோம். நடுவில் ஒரு திருப்பு மேடை. அதையும் மேல்தளத்தையும் நீக்கினால் 17 தகடுகள்.

சுழல்படியாக்கினால் இடமும் செலவும் மிச்சமாகும் என்று சொன்னவர்கள் உண்டு. தாம்பாளத்தோடு ஏறுகிறவருக்கும், கட்டிலை மாடிக்குத் தூக்குகிறவர்களுக்கும் அது உபத்திரவம் என்பதே என் துணிபு.

இனிக் கணக்கு. ஒரு பட்டறைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்றார். மற்றொருவர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். கிலோ விலையில் எடை கூடக்கூட அவருக்கு ஆதாயம். மொத்தத் தொகையில் தகடு மெலிய மெலிய இவருக்கு ஆதாயம். இரண்டுக்கும் பரிகாரம், இரும்பின் எடையை நாமே போட்டுப் பார்ப்பதுதான். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள எஃகுத் தகடு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ இருக்கும். 3 அடி நீளமும் 11 அங்குல அகலமும் கொண்ட 6 மில்லிமீட்டர் தகடு 12 கிலோ. பதினேழும் சேர்ந்து 204 கிலோ. அதையே 5 மில்லிமீட்டரில் அடித்துவிட்டால் 34 கிலோ குறையும். பெயிண்ட் பூசிய பின் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. தகட்டின் கனம், சேனலின் அளவு, சேதாரம் யாருடையது, ஜி.எஸ்.டி. உள்ளடக்கமா என்பதையெல்லாம் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, முதலாமவரிடம் வேலையை ஒப்படைத்தோம். சரக்கு எடைமேடை ஏறி ரசீதோடு வர வேண்டும் என்ற நிபந்தனையை அவரும் மனமுவந்து ஏற்றார்.

உப்புக்காற்று வீசும் ஊரில் இரும்புக்குப் பெரும்பகை, வெல்டிங் விட்டுப்போன இடுக்கு. விட்டுவிட்டுப் பற்றவைத்த இணைப்பின் சந்தில் மழைநீர் தங்கி, மேலே பெயிண்ட் பளபளக்க, உள்ளே துரு அரித்துக்கொண்டேயிருக்கும். இணைப்புகளை முழுநீளமும் பற்றவைக்கவும், பெட்டிக் குழாய்களின் வாயை அடைக்கவும், அடித்தகட்டைத் தரையில் புதைக்காமல் காங்கிரீட் பீடத்தின்மேல் ஆங்கர் போல்ட் போட்டு நிறுத்தவும் ஆன செலவை, கைப்பிடியில் கொடியும் மயிலும் வேண்டாமென்று விட்டதில் ஈடுசெய்தோம். கைப்பிடிக்கு மட்டும் 202 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தவிர்த்து, நிக்கல் கூடுதலான 304 ரகத்தையே கேட்டு வாங்கினோம்.

ரெட் ஆக்சைடும் அதன்மேல் இருமுறை எனாமலும் பூசியாயிற்று. இனி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுரண்டி மறுபடி பூசவேண்டி வரும் என்பதால், அதற்கான தொகையையும் மதிப்பீட்டிலேயே ஒரு வரியாக எழுதி, வங்கியில் தனியே போட்டுவைத்திருக்கிறோம்.