பங்காரில் போகாத படகு

தாராவி 13-ஆம் காம்பவுண்டில் எந்தப் பழைய பொருளுக்கும் ஒரு விலை உண்டு. உடைந்த வாளி, கம்ப்யூட்டர் மூடி, கார் பம்பர், கல்யாண மண்டபத்து நாற்காலி எல்லாமே அங்கே ரகம் பிரித்து, நிறம் பிரித்து, அரைத்து, கழுவி, உருக்கி, தானா என்கிற குருணையாகி மூட்டையில் ஏறும். ஒரு துண்டை வளைத்துப் பார்த்து, நுனியில் நெருப்பு வைத்து முகர்ந்து, இது பிபி, இது ஏபிஎஸ் என்று பிளாஸ்டிக்கின் ரகத்தைச் சொல்லிவிடுகிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பங்கார், அதாவது பழைய சாமான், சந்துகளில் விலை போகாத ஒரு பொருளை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அது ஃபைபர்.

செம்பூர் பக்கத்து ஷெட் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு, கடை பொம்மை என்று எது வந்தாலும் செய்வோம். ஆனால் கை பழகியது குமரி மாவட்டக் கரையில், வள்ளம் கட்டுகிற பட்டறையில். அதனால் கோலி மீனவர்களின் குடியிருப்பான டிராம்பே கோலிவாடாவில் ஒரு படகில் விரிசல் விட்டால் என்னைத் தேடி ஆள் வரும். தெற்கத்திக்காரன் யாராக இருந்தாலும் அங்கே 'அண்ணா'தான். என் அப்பா வயதுள்ள கோலிப் பெரியவர் ஒருவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். போன வாரம் அவர் பம்பாய் இந்தியில் கேட்டது இது: "அண்ணா, இந்த போட்டுக்கு இன்னும் காசு போடலாமா? இல்ல, அந்தப் பக்கம் தள்ளி விட்டுடவா?"

அந்தப் பக்கம் என்று அவர் கை காட்டியது அலையாத்திக் காட்டை. ஏற்கெனவே ஒரு படகு அங்கே சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் கூட்டை மட்டும் யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள்.

பெரியவருடைய போட்டு 28 அடி. இந்த மாதிரிப் படகைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சின்னச் சுத்தியலோ ஐந்து ரூபாய் நாணயமோ போதும். அணியத்தில் தொடங்கி, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே பின்னால் வர வேண்டும். கும்பார்வாடாவில் பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பது போலத்தான். ஓடு நன்றாக இருந்தால் கணீரென்று கேட்கும். அடுக்கு விட்டுப் பிரிந்திருந்தால் தொப்பென்று செத்த சத்தம் வரும். கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசின் தடவி, உருளையால் காற்றை விரட்டி, அதன்மேல் ரோவிங் துணி, மறுபடி மேட் என்று அடுக்கடுக்காக ஏற்றியதுதான் ஃபைபர் ஓடு. கட்டியவர் அவசரத்தில் உருளையைச் சரியாக ஓட்டாமல் விட்ட இடம், பல வருடம் கழித்து இப்படித் தட்டும்போது காட்டிக்கொடுக்கும்.

பக்கங்கள் கணீரென்றுதான் இருந்தன. அடியில் சில கொப்புளங்கள். ஒன்றைக் குத்தினேன், காடி நெடியோடு நீர் வடிந்தது. ஜெல்கோட் என்ற மேல்பூச்சைத் தாண்டி உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனாலும் கொப்புளத்தால் ஒரு படகு நடுக்கடலில் முழுகி நான் கேட்டதில்லை. ஆளைக் காவு வாங்குவது பின்பலகை.

எஞ்சின் தொங்குகிற அந்தப் பலகைக்குள் இருப்பது பிளைவுட். இரண்டு பக்கமும் ஃபைபர் போர்த்தி, பெயின்ட் அடித்து, வெளியே புதுசாகத் தெரியும். போல்ட் துளையைச் சுற்றித் தடவிய பசை விட்டுப்போனால் அந்த வழியாக நீர் இறங்கும். பிளைவுட் உள்ளுக்குள்ளேயே அழுகும். மேல்தோல் அதை மறைத்தே வைத்திருக்கும். நான் எஞ்சினின் கீழ்க்காலைப் பிடித்து ஆட்டினேன். பலகையும் சேர்ந்து அசைந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுரண்டினேன். கறுப்பாக, ஈரமாக, விரலில் நசுங்குகிற தூளாக வந்தது மரம். பெரியவர் அதை உள்ளங்கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நம்பியா என் பையன் கடலுக்குப் போனான்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவருடைய அப்பா காலத்தில், பழைய படகை என்ன செய்வது என்ற கேள்வி இவ்வளவு பாரமாக இருந்திருக்காது. 1909-இல் வெளியான பம்பாய் கெசட்டியர், நகரத்தின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத் தாராவியைச் சொல்கிறது. மாஹிம் கழியை நம்பி வாழ்ந்த ஊர் அது. கழி தூர்ந்து, மித்தி ஆறு சாக்கடையாகி, அந்தத் தொழிலே அங்கிருந்து போய்விட்டது. அந்தக் காலத்துப் படகு ஒன்றுகூட இன்று தாராவியில் கிடக்கவில்லை. அவை மரம். ஆணியைப் பிடுங்கி விற்றிருப்பார்கள், பலகை யார் வீட்டுக் கதவாகவோ ஆகியிருக்கும், மிச்சம் அடுப்பெரித்திருக்கும், அதிலும் மிஞ்சியதைக் கடற்புழு தின்றிருக்கும். மரப்படகைக் கரையில் விட்டுவிட்டு ஒருவர் நிம்மதியாகத் திரும்பி நடக்கலாம். ஃபைபர் விட்ட இடத்திலேயே இருக்கும். வெயிலில் மேல்பூச்சு உதிர்ந்து, இழை இழையாகச் சேற்றில் கலக்கும். டிராம்பேயை ஒட்டிய தாணே கழியின் ஒரு பகுதி 2015 முதல் பூநாரைச் சரணாலயம், 2022 முதல் ராம்சர் ஈரநிலம். கண்ணாடித் தூளைப் போட அந்தச் சேறுதானா கிடைத்தது?

எங்கள் பக்கத்துக் கரைகளிலும் இதே கேள்வி வந்து நிற்கிறது. குமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் ஜிலே மீனவர்களோடு உட்கார்ந்து பிளைவுட் வள்ளத்தை வடிவமைத்தார். மீனவர் சங்கக் கூட்டமைப்பான சிஃப்ஸின் பட்டறைகள் அதைக் கரையெங்கும் கொண்டுபோயின. அந்த வழியில் வந்த மேஸ்திரியிடம் தொழில் படித்தவன் நான். மேட்டில் ஒரு காற்றுக்குமிழ் தெரிந்தாலும் அவர் அந்த அடுக்கையே உரிக்கச் சொல்வார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிலைமை வேறு. நிவாரணப் பணம் வந்தது, சோழமண்டலக் கரையில் கட்டுமரம் கிடந்த மணலில் ஃபைபர் போட்டுகள் வரிசை கட்டின. படகு இழந்தவர்களுக்குச் சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வேகத்தில் பல பட்டறைகளில் அடுக்கு குறைந்தது. அந்தப் படகுகளுக்கு இப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது.

13-ஆம் காம்பவுண்டில் எனக்குப் பழக்கமான நெல்லைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, ஒரு போட்டு முழுசையும் வெட்டிக் கொண்டாந்தா எடுப்பியளா?"

"எதுக்கு தம்பி? வாளின்னா உருக்கிருவேன். இது உருகாதுல்லா, கருகும். அரைக்கப் போட்டா பிளேடு போயிரும். சும்மா தந்தாலும் வைக்க எடமில்ல."

வேதியியல் மொத்தமும் அவர் பேச்சில் இருக்கிறது. வாளியின் பிளாஸ்டிக் சூட்டில் இளகி மறுபடி இறுகும். பாலியஸ்டர் ரெசின் ஒருமுறை கேட்டலிஸ்ட் சேர்ந்து இறுகினால் இறுகினதுதான். 1942-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் ரே கிரீன் இந்த ரெசினில் படகு செய்தபோது, அழுகாது, புழு அரிக்காது என்பதே பெரிய வரமாக இருந்தது. 2019-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, வயதான ஃபைபர் படகுகளை என்ன செய்வது என்று தனி ஆய்வறிக்கையே வெளியிட்டது. அதே ஆண்டு பிரான்சில், படகு தயாரிப்பவர்களின் பங்களிப்போடு, பழைய உல்லாசப் படகுகளைப் பெற்றுப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. ஜெர்மனியில் இந்தக் கழிவைச் சிமென்ட் சூளையில் எரிபொருளாகப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி சிமென்ட்டிலேயே சேர்ந்துவிடும். முப்பந்தல் காற்றாலைகளின் இறக்கைகளும் இதே கண்ணாடி இழைச் சாதிதான், அவற்றுக்கும் ஒரு நாள் வயதாகும். நம் ஊரில் புதுப் படகுக்கு மானியம் கொடுக்கும்போதே பழைய படகு எங்கே போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஆகவே பெரியவரிடம் நான் பேசியது இதுதான். ஒரு பக்கம் ரிப்பேர் செலவு, மறு பக்கம் ஒன்றுமில்லை என்று கணக்குப் போடாதீர்கள். மறு பக்கத்திலும் செலவு இருக்கிறது: வெட்டுகிற கூலி, முகமூடி, லாரி வாடகை. அதையும் எடுத்து வைத்துப் பார்த்தால் பல படகுகளைச் சரிசெய்வதே லாபம். அதற்காக எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று சொல்ல மாட்டேன். ஏராவை, அதாவது படகின் அடி முதுகெலும்பை, ஒட்டிய அடி ஓடு செத்த சத்தம் கொடுத்தால், அப்பா ஓட்டிய படகு, தங்கச்சி கல்யாணத்துக்குச் சம்பாதித்த படகு என்று எந்தக் காரணம் சொன்னாலும் நான் கைவைப்பதில்லை. மேலே இரண்டு அடுக்கு பூசி அனுப்பினால் பார்வைக்கு நன்றாக இருக்கும். அலை அடிக்கும்போது உள்ளே இருப்பவன்தான் பதில் சொல்ல வேண்டும். சேற்றில் கிடக்கிற அந்த இன்னொரு படகு அந்த ரகம். அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று கோலிவாடாவில் சிலர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். பக்கச் சுவர்கள் வலைக் கொட்டகைக்குக் கூரையாகும். மிச்சம் தேவ்னார் குப்பை மேட்டுக்குத்தான் போகும், எனக்கு அதில் வருத்தம்தான்.

பெரியவர் போட்டின் அடி நன்றாக இருக்கிறது. பின்பலகையை மட்டும் மாற்றுகிறோம். உள்பக்கத் தோலை அறுத்து, அழுகியதைத் தோண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, புது மரைன் பிளைவுட் வைக்க வேண்டும். பழைய ஃபைபரின் விளிம்பை, தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். இறுகிப்போன பழைய ரெசினோடு புது ரெசின் ஒன்றாகக் கலக்காது. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். தேய்ப்பில் சோம்பினால் வேலை முழுவதும் வீண்.

நாள்தான் குறைவு. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஃபைபர் வேலைக்கு வாகான வெயில். இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகு கரையில் சும்மா நிற்கிற மாதங்களில்தான் மும்பையில் காற்றே ஈரமாக இருக்கும். ஈர மேட்டில் ரெசின் பட்டால் பால்போல வெளுத்து, பிடிமானம் இல்லாமல் போகும். அதனால் மே முடிவதற்குள் கடைசி அடுக்கு ஏறியாக வேண்டும். மேட்டும் ரெசினும் வாங்கியாயிற்று. பிளைவுட் வெள்ளிக்கிழமை வருகிறது. அறுப்பு வேலையைப் பெரியவரும் பையனும் இன்று காலையே தொடங்கிவிட்டார்கள்.