கம்பெனியும் சர்க்காரும் நாங்களும்

முடியாட்சி, குடியாட்சி, ஒற்றையாட்சி, கூட்டாட்சி என்று ஆட்சி முறைகளை வகுத்துரைக்கும் நூல்கள் பல உள. அவற்றைப் பயின்ற பின்னரும் கோரமண்டலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஓர் ஐயம் நீங்குவதில்லை. எங்கள் பாட்டனார் காலத்தில் எங்களை ஆண்டவர் யார்? மைசூர் மகாராஜாவா, ஆங்கில ரெஸிடெண்டா, லண்டனில் இருந்த பங்குதாரர்களா? வீட்டு முதியோரிடம் கேட்டால் அவர்கள் சிறிதும் தயங்கியதில்லை. "கம்பெனிதான்" என்பார்கள்.

கோரமண்டலைக் கண்டிராத அன்பர்களுக்கு ஒரு சொல். நாங்கள் குறிப்பது சோழமண்டலக் கடற்கரையை அன்று. கோலார் தங்கவயலைச் சேர்ந்த குடியிருப்பை. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் ரயில், உரிகத்தையும் சாம்பியனையும் அடையுமுன் எங்கள் நிலையத்தில் நின்று செல்லும். வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து நிலமற்ற ஏழைகளாய் வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். இன்று எங்களில் பலர் பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கிறோம். ஒன்றுகூடும்போதெல்லாம் யாரேனும் ஒருவர், "துரை காலம் பொற்காலம், ஒரு சொல் சொன்னால் காரியம் நடக்கும்" என்று பெருமூச்செறிவதுண்டு. இளைஞர்களும் அதை நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். அதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் இங்குத் தோண்டுவதற்கு மைசூர் அரசின் உரிமம் பெற்றது 1875-இல். ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் வந்தனர். மறு ஆண்டில் ஆங்கிலேயர் மைசூர் ஆட்சியை உடையார் குடும்பத்திடம் திரும்ப ஒப்படைத்தனர். அதே 1881-இல் திவான் ரங்காச்சார்லு பிரஜாப் பிரதிநிதி சபையைக் கூட்டினார். இந்திய சமஸ்தானங்களுள் அத்தகைய சபை அதுவே முதலாவது. 144 பேர் அமர்ந்த அச்சபை குறைகளைச் சொல்லலாம், கட்டளையிட இயலாது. ஆயினும் மன்னராட்சிக்குள் குடிகளின் குரலுக்கு ஒரு சாளரம் திறந்தது என்று அதனைப் போற்றலாம். அதில் எங்களவருக்கு இடம் ஏது? நிலமும் சொத்தும் உடையோரையே அத்தகைய சபைகள் நாடின. நாம் பெருமையோடு பேசும் உத்திரமேரூர்க் குடவோலையும் இதற்கு விலக்கன்று. பத்தாம் நூற்றாண்டின் அக்கல்வெட்டு, வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவன் பெயரையே குடத்தில் இடச் சொல்கிறது. சுரங்கத் தொழிலாளிக்குச் சொந்த மனை என்பதே கிடையாது. அவன் குடியிருந்தது லைன் வீட்டில். லைனோ கம்பெனிக்கு உரியது.

இங்கேதான் விஷயத்தின் கரு இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ, சட்டம் இயற்றுதல், அதனை நடத்துதல், நீதி வழங்குதல் ஆகிய மூன்றும் ஒரே கையில் சேரலாகாது என்று 1748-இல் எழுதினார். தங்கவயலைக் கண்டிருந்தால் அவர் தம் பட்டியலை நீட்டியிருப்பார். கூலி கொடுப்பவர் யாரோ அவரே வீடு கொடுத்தார், தண்ணீர்க் குழாயைத் திறந்தார், மருத்துவமனையை நடத்தினார், சொந்தக் காவற்படையும் வைத்திருந்தார். வேலை போயிற்று எனில் வீடும் போயிற்று, குழாயும் போயிற்று. இவற்றில் எதுவும் அரசியல் சட்டத்தில் எழுதப்பெறாத அதிகாரம். ஆயினும் அரசனுடைய அதிகாரத்தைக் காட்டிலும் அண்மையில் இருந்தது. துரை ஒரு சொல் சொன்னால் காரியம் நடந்தது உண்மையே. ஒரு சொல்லில் குடும்பம் தெருவில் நின்றதும் அதே உண்மையின் மறுபுறம் அன்றோ!

மைசூர் அரசு இதற்கு அப்பால் நின்றது என்று எண்ணலாகாது. எடுத்த பொன்னின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து ராயல்டியாக அதன் கருவூலத்தைச் சேர்ந்தது. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரியின் மின்சாரத்தை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி கட்டிக் கொணர்ந்ததும் சுரங்கங்களுக்காகவே. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதன் பின்னர் 1905-இல். அரசன் தனக்கு வருவாய் தரும் கம்பெனியைக் கண்டிப்பது எளிதன்று. அவனுக்கு மேலே ரெஸிடெண்டு வேறு இருந்தார். சர்க்கார் எழுப்பிய புதிய நகருக்கே ராபர்ட்சன் என்னும் ரெஸிடெண்டின் பெயரை இட்டனர் என்றால், வேறு விளக்கம் வேண்டுமோ?

இத்தனைக்கும் எதிர்எடையாக எழுந்தது எந்தச் சபையும் அன்று. 1930-ஆம் ஆண்டு, தொழிலாளர் யாவரும் கைரேகை பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி கட்டளையிட்டது. குற்றவாளிகளுக்குச் செய்வதைத் தங்களுக்குச் செய்வதா என்று தொழிலாளர் கொதித்தனர். அவர்களுக்கு அப்போது முறையான சங்கம் இல்லை. பெயர் சொல்லத்தக்க தலைவரும் இல்லை. இருபத்தொரு நாள் சுரங்கங்கள் ஓய்ந்து கிடந்தன. கட்டளை கைவிடப்பட்டது. எழுத்தறியாத மக்கள் ஒரு சட்டத்தை இல்லாமற்செய்த இந்நிகழ்ச்சியை நம் பாடநூல்கள் ஏன் சேர்ப்பதில்லையோ, அறியோம். 1940-களில் சங்கங்கள் வலுப்பெற்றன. 1946 நவம்பர் 4-ஆம் நாள் போலீசார் சுட்டதில் அறுவர் மாண்டனர். அப்போதும் மன்னராட்சிதான், ஓராண்டு கழித்தே, 1947 அக்டோபரில், மைசூரில் பொறுப்பாட்சி மலர்ந்தது. அதன் முதல் முதலமைச்சர் கே. சி. ரெட்டி எங்களுக்கு அயலூராகிய கியாசம்பள்ளியைச் சேர்ந்தவர்.

பின்னர் வாக்குரிமை வந்தது. 1952-இல் தங்கவயல் மக்கள் கம்யூனிஸ்டுத் தலைவர் கே. எஸ். வாசனைச் சட்டசபைக்கு அனுப்பினர், 1957-இல் எம். சி. நரசிம்மனையும் சி. எம். ஆறுமுகத்தையும் அனுப்பினர். மனையற்றவன் மனையுடையவனோடு ஒரே வரிசையில் நின்று வாக்களித்தான். இதன் அருமையை உணர இலங்கையை நோக்குதல் வேண்டும். எங்கள் பாட்டனார் ரயிலேறிய அதே காலத்தில், நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிய ஏழைகள் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கும் லைன் வீடு; அங்கும் துரை. இலங்கையோ எங்களுக்கு முன்னரே, 1931-இலேயே, வயதுவந்தோர் வாக்குரிமை கண்ட நாடு. அங்கே 1947 தேர்தலில் தோட்டத் தமிழர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். நாடு விடுதலை பெற்ற 1948-இலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று, வாக்கும் பறிபோயிற்று. பெயரளவில் இரண்டும் குடியாட்சிகளே. பெரும்பான்மையோர் கையுயர்த்தினால் சிறுபான்மையோரின் வாக்கையே அழித்துவிடலாம் என்ற நிலை ஒன்றில் இருந்தது. மற்றொன்றில் அதனைத் தடுக்க எழுதப்பட்ட உரிமைகளும் நீதிமன்றமும் இருந்தன. பொற்காலம் பேசும் நண்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

வாக்கு வந்தது; வீடு வரவில்லை. 1956 நவம்பரில் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நிறுவனம் அமைந்தது. லண்டன் போய் பெங்களூர் வந்தது, பெங்களூர் போய் தில்லி வந்தது. லைன் வீட்டில் மட்டும் "கம்பெனி" என்னும் சொல் மாறவில்லை. அது வெறும் பழக்கம் அன்று. கூலியும் வீடும் தண்ணீரும் ஒரே கையிலிருந்து வரும்வரை அக்கைக்கு வேறு பெயர் சூட்ட மக்களுக்குத் தோன்றவில்லை. ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும்: துரையை எதிர்த்துச் சட்டசபையில் கேள்வி கேட்கவியலாது, அமைச்சரைக் கேட்கலாம். தில்லிக்குப் போன பின்னர் அக்கேள்வி நெடுந்தொலைவு பயணப்பட வேண்டியதாயிற்று. கோலார்த் தொகுதிக்குப் பாராளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர்தாமே!

2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. முடிவெடுத்தது தில்லி. நிலமும் கனிமமும் மாநிலத்தின் பொருள். கனிமத்தை நெறிப்படுத்துவது 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் அதிகாரம். வாக்காளரோ நகரசபைக்கு உரியவர். கூட்டாட்சி என்பது அதிகாரத்தைப் பகிர்வது. பொறுப்பையும் பகிர்ந்து கரைத்துவிடக்கூடும் என்பதை எங்களூர் கற்றது. தில்லியைக் கேட்டால் பெங்களூரைக் கேள் என்பர். பெங்களூரைக் கேட்டால் வழக்கு நிலுவையில் என்பர்.

அவ்வழக்கில் 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் உலகளாவிய டெண்டருக்கு இசைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட்டு எடுக்கலாமா என்பதை மலைவாழ் மக்களின் கிராம சபைகளே ஆராய வேண்டும் என்று அதே நீதிமன்றம் பணித்தது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. பழங்குடியினர்க்கும் வனவாசிகளுக்கும் எனத் தனிச்சட்டங்கள் இருந்தமையால் அது இயன்றது. நூறாண்டுக்கு மேல் நிலத்துக்கடியில் உயிர்விட்டவர்களின் சந்ததியார் குடியேறிகளாதலின், அவர்களைக் கேட்க வேண்டும் என்னும் சட்டம் ஒன்றும் இல்லை. பிறந்த மண்ணில் இருப்போர்க்கே மண்ணின்மீது சொல் உண்டு என்றால், இவ்விதழைப் படிக்கும் நம் அனைவரின் நிலை யாது?

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, தங்கவயலில் ஆயிரம் ஏக்கர் அளவில் பரந்துள்ள பதின்மூன்று சயனைடு மலைகளிலிருந்து எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு இசைவளித்தது. ஆடிக் காற்றில் லைன்களின்மேல் வந்து படிவது அம்மலைகளின் பொடியே. வேலை கிடைக்கும் என்று மகிழ்வோர் உளர். பொடி பெருகும் என்று அஞ்சுவோரும் உளர். இரு சாராரும் தங்கள் கருத்தைச் சொல்வதற்கென ஒரு மன்றம் இல்லை. லைன்கள்தோறும் மக்களைக் கூட்டி, குடியிருக்கும் வீட்டின் பட்டாவையும் மலைகளின் எதிர்காலத்தையும் ஒருசேரக் கேட்டறிந்த பின்னரே ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வரைந்துள்ளோம். தங்கவயலில் இன்னமும் வாக்கு வைத்திருக்கும் அன்பர்கள் அதில் கையொப்பமிட முன்வருமாறு வேண்டுகிறோம்.