காலை நேரத்து ஓசை

முதுமை மனிதருக்கு மட்டும் உரியதன்று. மனிதர் செய்து வைத்த பொருள்களுக்கும் உண்டு. மனிதரின் முதுமையை நரையால் அறிகிறோம். இயந்திரத்தின் முதுமையையோ பெரும்பாலும் காதால்தான் அறிய வேண்டியிருக்கிறது. ஷார்ஜாவில் நம்மிடமுள்ள பழைய ஜப்பானியக் கூப்பே கார் நமக்குக் கற்பித்த பாடம் இது.

டொயோட்டா நிறுவனத்தின் செலிக்கா அது. 'விண்ணுக்குரியது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். 1970இல் தோன்றி, ஏழு தலைமுறைகள் கண்டு, 2006இல் நின்றுபோன வரிசை. நம்முடையது மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த 1984ஆம் ஆண்டு வண்டி. அமெரிக்காவில் ஓடிப் பின்னர் வளைகுடாவுக்கு வந்ததாகையால் வேகம் காட்டும் முள் மைல் கணக்கில் நகரும். இரண்டே கதவுகள், பகலில் மூடிக் கிடந்து இரவில் இமை திறக்கும் முகப்பு விளக்குகள்.

2009இல் இதனை வாங்கியவர் நம் மூத்த காக்கா. 2016இல் அவர் வளைகுடா வாழ்வை முடித்துக்கொண்டு காயல்பட்டினம் திரும்புகையில் சாவியை நம் கையில் தந்து, "தம்பி, விற்பதாயிருந்தால் ஓட்டுகிறவனுக்கு விற்றுவிடு, உடைக்கிறவனுக்கு விற்றுவிடாதே" என்றார். விற்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்வதும் எளிதாயிருக்கவில்லை.

நாற்பதாண்டு வண்டியில் முதலில் தளர்வது இரும்பன்று, ரப்பரே. பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், வெந்நீர் ஓடும் குழாய் யாவும் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் இறுகி வெடிக்கின்றன. வெளிப்பார்வைக்கு நன்றாயிருக்கும் குழாயை மடித்துப் பார்த்தால்தான் கீறல்கள் தெரியும். பெட்ரோலை அழுத்தத்துடன் பீய்ச்சும் இவ்வகை எஞ்சினுக்குச் சாதாரணக் குழாய் பொருந்தாது. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்த குழாய் வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது நெருப்போடு விளையாடுவதாகும்.

அடுத்தது சூடு. 22ஆர் எனப்படும் இதன் எஞ்சின் வரிசை 2366 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. அதன் அடிப்பாகம் வார்ப்பிரும்பு. மேலே அமரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ரேடியேட்டர் அடைத்து எஞ்சின் ஒருமுறை கொதித்துவிட்டால் அலுமினியம் கோணும். இடையிலுள்ள கேஸ்கெட் கிழியும். ஆகவே வளைகுடாவின் கோடைக்கு முன்பே ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் விசிறியையும் சோதித்துவிடுவது நம் வழக்கம்.

இவை கண்ணுக்குத் தெரியும் குறைகள். 2023 டிசம்பரில் நாம் எதிர்கொண்டதோ காதுக்கு மட்டும் தெரிந்த ஒன்று. குளிர்ந்த காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் முன்புறத்திலிருந்து சங்கிலி உரசுவது போன்ற கலகலப்பு எழும். இரண்டு மூன்று விநாடிகளில் அடங்கிவிடும். பிறகு நாள் முழுவதும் வண்டி பட்டுப்போல ஓடும்.

நமக்கு நெடுநாள் பழக்கமான மெக்கானிக் பாய், திருநெல்வேலிச் சீமைக்காரர். ஓசையைச் சொன்னதும், "இனி கிளப்பாதீங்க, இழுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

காரணத்தை அவரே விளக்கினார். எஞ்சினின் கிராங்க் ஷாப்டையும் கேம் ஷாப்டையும் இணைப்பது டைமிங் செயின். அது இருபுறமும் அலையாதிருக்க இரண்டு கைடுகள் உண்டு. பழைய எஞ்சின்களில் இரட்டைச் சங்கிலி இருந்தது. இக்காலத்து வண்டியில் ஒற்றைச் சங்கிலியும் பிளாஸ்டிக் கைடுகளும் அமைந்தன. சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. காலையில் அழுத்தம் ஏறும்வரை சங்கிலி தளர்ந்திருக்கும். அப்போது கைடின் மீது அறைகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிப்போன பிளாஸ்டிக் ஒருநாள் முறியும். அதன்பின் சங்கிலி நேரே அலுமினிய மூடியை அரிக்கத் தொடங்கும். அம்மூடிக்குள்ளேதான் குளிர்விக்கும் நீரின் பாதை செல்கிறது. துளை விழுந்தால் நீர் ஆயிலில் கலந்து, பேரிங்குகள் அழிந்து, எஞ்சினே போய்விடும்.

வால்வு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஓட்டுநர் பக்கத்துக் கைடு முறிந்து துண்டுகளாய்க் கீழே விழுந்திருந்தது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால்நிறம் கொள்ளவில்லை. அதாவது துளை இன்னும் விழவில்லை.

செலவுக் கணக்கு வந்தபோது வீட்டில் பேச்சு எழுந்தது. உடைத்து விற்பவர் ஒருவர் தருவதாகச் சொன்ன விலையைவிடப் பழுதுபார்க்கும் செலவு மிகுதி. "அந்தப் பணத்தில் ஊர் வீட்டு மாடி ஒழுகுவதையாவது அடைக்கலாமே" என்றார் இல்லாள். அதில் நியாயம் இல்லையென்று சொல்ல இயலவில்லை. காக்காவின் சொல் ஒருபுறம், ஒழுகும் மாடி மறுபுறம்.

முடிவைச் சொன்னவரும் அவரே. "உயிருக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள், அழகுக்கு வேண்டியது நிற்கட்டும்." அதன்படி அவ்வாண்டு செய்ய எண்ணியிருந்த பெயிண்டையும், வெடித்த டேஷ்போர்டையும், கிழிந்த இருக்கையையும் ஒதுக்கினோம். அத்தொகை மாடிக்குப் போயிற்று. கையிருப்பு எஞ்சினுக்குப் போயிற்று.

இதே எஞ்சின் ஹைலக்ஸ் பிக்அப்பிலும் பொருத்தப்பட்டிருந்ததால் ஷார்ஜாத் தொழிற்பேட்டையில் பாகங்கள் தட்டின்றிக் கிடைத்தன. கதவு ரப்பரும் விளக்கு மோட்டாரும் தேடுவதுதான் இத்தகைய கூப்பேக்களில் பெரும்பாடு. இம்முறை எஃகுத் தகட்டின் மேல் அமைந்த கைடுகள், புதிய செயின், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் பம்பின் ரப்பர் வளையம் எல்லாம் ஒருங்கே மாற்றப்பட்டன. மூடியில் நகம் சிக்குமளவு பள்ளம் விழுந்திருந்ததால் அதுவும் மாறியது. ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கினார். சிலிண்டர் ஹெட்டின் முன்முனையில் ஆயில் தேங்கும் குழியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு போல்ட்டை நம் மகனுக்குக் காட்டி, "இதை மறந்து மூடியை நெம்பினால் மூடி உடையும்" என்றார். எஞ்சின் சூடாயிருக்கையில் வால்வு இடைவெளியை உள்வழிக்கு 0.20 மில்லிமீட்டர், வெளிவழிக்கு 0.30 என ஃபீலர் கேஜால் அளக்கவும் அவனுக்குப் பழக்கினார். அடுத்த மாதம் அவர் ஊர் திரும்பிவிட்டார். அவர் கையிலிருந்த வித்தையில் ஒரு சிறு பங்கு நம் வீட்டில் தங்கிற்று.

பழைய வண்டி வாங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு சொல். விற்பவர் முன்கூட்டியே கிளப்பிச் சூடேற்றி வைத்திருந்தால் அன்று திரும்பிவிடுங்கள். மறுநாள் அதிகாலை சென்று, ஆறிக் கிடக்கும் எஞ்சினை உங்கள் முன்னிலையில் கிளப்பச் சொல்லுங்கள். முதல் மூன்று விநாடி எவரும் பேச வேண்டாம், வண்டி பேசட்டும்.