கையெழுத்துக்கு முன் ஒரு நாள்

ரொறன்ரோவில் எங்கள் சீவியம் கையெழுத்துகளின் மேல் நிற்கிறது. வாடகை வீடு, கைத்தொலைபேசி, காப்புறுதி, கார், பிறகு சொந்த வீடு, அந்த வீட்டைச் சூடாக்க ஃபேர்னஸ் என்று வந்திறங்கிய நாளிலிருந்து யாராவது ஒரு தாளை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஊரில் கடைக்காரர் கொப்பியில் எழுதிய கடனும் வாய்ப்பேச்சில் கட்டிய சீட்டுமே எங்களுக்குப் பழக்கம். ஆளைத் தெரிந்தால் போதும். அந்தப் பழக்கத்தை நாங்கள் இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். தாளில் கையெழுத்து வைப்பதும் ஆளை நம்பித்தான்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கார் விற்பவர், வீட்டு முகவர், மோர்ட்கேஜ் எடுத்துத் தருபவர் எல்லாரும் தமிழில் கிடைக்கிறார்கள். ஆங்கிலம் வராத பெற்றோருக்கு இது பெரிய உதவி. ஆனால் அவர்கள் தமிழில் சொன்னது வேறு, நீங்கள் ஒப்புக்கொண்ட ஆங்கிலத் தாளில் இருப்பது வேறு என்றால் பிறகு வழக்காடும்போது தாளுக்குத்தான் பலம் அதிகம். “எங்கட பெடியன்தானே, ஏமாத்தமாட்டான்” என்று கையெழுத்து வைப்பவர்கள், அந்தப் பெடியனுக்கும் விற்றால்தான் கமிஷன் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வாசலுக்கு வந்து விற்பவர்களால் பட்ட பாடு தனிக்கதை. பிள்ளைகள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வருவார்கள். கழுத்தில் அட்டை தொங்கும். “அம்மா, கரண்ட் பில்லை ஒருக்கா காட்டுங்கோ, அரசாங்கத் திட்டம்” என்பார்கள். கைக்கணினியில் விரலால் ஒரு கீறு கீறினால், வோட்டர் ஹீட்டருக்குப் பல வருட வாடகை ஒப்பந்தம். ஒன்ராறியோ அரசு 2018 மார்ச் 1 முதல் வோட்டர் ஹீட்டர், ஃபேர்னஸ், ஏசி, தண்ணீர் வடிகட்டி போன்றவற்றை அழைக்காமல் வாசலில் வந்து விற்பதைத் தடைசெய்தது. அதை மீறிப் போட்ட ஒப்பந்தம் செல்லாது; பொருளையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஐம்பது டொலருக்கு மேற்பட்ட மற்ற வீட்டுவாசல் ஒப்பந்தங்களை, எழுத்துப் பிரதி கைக்குக் கிடைத்ததிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

இதைவிட மோசமானது, வாடகைக்கு வைத்த கருவிக்காக வீட்டு உறுதியின்மேலேயே நிறுவனங்கள் உரிமை பதிந்து வைத்தது. வீட்டை விற்கும்போதோ மோர்ட்கேஜைப் புதுப்பிக்கும்போதோதான் அது வெளியே வந்தது. அதை நீக்கப் பல்லாயிரம் டொலர் கேட்டார்கள். நுகர்வோர் பொருட்களுக்கு இப்படிப் பதிவதை 2024 ஜூனில் ஒன்ராறியோ ஒழித்தது. ஆனால் பதிவுதான் போனது. அதற்கு அடிப்படையான ஒப்பந்தமும் மாதக் கட்டணமும் தாமாகப் போய்விடவில்லை.

பத்து நாள் சலுகையைக் கேள்விப்பட்ட பலர் எதையும் பத்து நாளில் திருப்பலாம் என்று நினைக்கிறார்கள். டீலரிடம் வாங்கிய காருக்கு ஒன்ராறியோவில் அந்தச் சலுகை கிடையாது. பழைய வீடு வாங்குபவருக்கும் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 முதல் வீடு வாங்குபவருக்கு மூன்று வேலைநாட்கள் கிடைக்கின்றன. இங்கே அதுவும் இல்லை. கட்டிமுடியாத புதிய கொண்டோ அடுக்குமாடி வீட்டுக்கு 10 நாட்கள் உண்டு. அந்தப் பத்து நாட்களில் சட்டத்தரணியிடம் போகாமல் விருந்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். 2022 மார்ச் வரை 0.25 சதவீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதமானபோது, கொண்டோவைக் கையேற்க மோர்ட்கேஜ் கிடைக்காமல் பலர் திண்டாடினார்கள். ஒப்பந்தத்தில் வட்டி ஏறினால் விலகலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

இன்னொன்று, சொந்தக்காரருக்காக வைக்கும் கையெழுத்து. மச்சானின் கார்க் கடனுக்கு “சும்மா ஒரு சைன்” கேட்பார்கள். மறுத்தால் அடுத்த கலியாண வீட்டில் முகம் திருப்புவார்கள். அது சாட்சிக் கையெழுத்து அல்ல. அவர் கட்டாவிட்டால் பாதியல்ல, மிச்சம் முழுவதும் உங்கள் தலையில். உங்கள் கடன் மதிப்பும் கூடவே விழும்.

வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன் என்று தப்பலாமா? 1934இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில், சிகரெட் விற்கும் இயந்திரம் வாங்கிய கடைக்காரி ஒருவர், பொடி எழுத்து நிபந்தனைகளை வாசிக்கவில்லை என்று வாதாடித் தோற்றார். 1978இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வாடகைக் கார் வழக்கில் மறுபக்கம் நின்றது: வாடிக்கையாளர் வாசிக்கவில்லை என்பது ஊழியருக்குத் தெரிந்திருந்தும் கடுமையான நிபந்தனையை எடுத்துச் சொல்லாததால், அது அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. ஏமாற்றி வாங்கிய கையெழுத்தை ஒரு வருடத்துக்குள் கைவிடவும் நுகர்வோர் சட்டம் வழிதருகிறது. ஆனால் அதற்கு ஆதாரமும் அலைச்சலும் வேண்டும்.

ஆகவே மாதக் கட்டணத்தைக் கேட்காதீர்கள், மொத்தத் தொகையைக் கேளுங்கள். வெற்றிடம் விட்ட தாளில் ஒப்பமிடாதீர்கள். வாயால் சொன்ன வாக்குறுதியைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்து வீட்டை வாங்காதீர்கள்; சட்டத்தரணிக்குக் கொடுக்கும் சில நூறு டொலர் வீண்செலவல்ல. பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் வைத்து வாசியுங்கள். அந்த ஒரு நாளைத் தர மறுப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள், அவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தாலும்.