பெட்டியிலிருந்த "ஸ்கின் கலர்"



கடந்த மே மாத விடுமுறையில், திருப்பதியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படி நிழலில், எங்கள் இளைய மகளையும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேரையும் உட்கார வைத்து, அவரவர் முகத்தை அவரவரே வரையும்படி சொன்னேன். தெருவில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசி வளருகிற பிள்ளைகள் அவர்கள். தொலைக்காட்சியை விட்டு ஒரு மணி நேரம் விலகியிருந்தால் போதும் என்பதற்கு மேல் எனக்கு எந்த நோக்கமும் இருக்கவில்லை.

ஒரு பெட்டி சாக் பேஸ்டல், ஆளுக்கொரு சிறு கண்ணாடி, நோட்டுப் புத்தகத்திற்கு அட்டை போடும் பழுப்புத் தாள், இவ்வளவே தேவைப்பட்டன. தாளின் வழவழப்பான பக்கத்தில் நிறம் பிடிக்காது; சொரசொரப்பான பக்கத்தில்தான் வரைய வேண்டும். நிறப்பொடியைச் சிறிதளவு பசையோடு பிசைந்து உலர்த்திய குச்சியே சாக் பேஸ்டல். எண்ணெய் சேராததால் விரலால் தேய்த்தால் ஒரு நிறம் மற்றொன்றோடு கலந்துவிடும். அதே காரணத்தால் சட்டையெல்லாம் தூளாகும். அந்தத் தூளைப் பிள்ளைகள் வாயால் ஊதாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தாளை நிமிர்த்தித் தட்டினால் விழுந்துவிடும்.

முதல் கோட்டைக் கரியால் போடச் சொன்னேன். 2022 வரை சித்தூர் மாவட்டத்திலிருந்து இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த காளஹஸ்தியில், கலம்காரி ஓவியர்கள் புளியங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி, அதைக் கொண்டே துணியில் உருவம் எழுதுகிறார்கள். நாங்களும் சுட்டுப் பார்த்தோம். பாதி சாம்பலாயிற்று, மீதி அருமையாக எழுதிற்று.

ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கண்களை நெற்றியில் வைத்துவிடுகிறார்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில்தான் கண்கள் இருக்கின்றன என்பதைக் கண்ணாடியில் விரலால் அளந்து காட்டினேன். அவர்கள் நம்பவில்லை. பெரியவர்களும் எளிதில் நம்பமாட்டார்கள். நீங்களே அளந்து பாருங்கள்.

நிறம் பூசும் வேளை வந்தது. பெட்டியில் வெளிறிய இளஞ்சிவப்பு நிறக் குச்சி ஒன்று இருந்தது. பிள்ளைகள் அதை "ஸ்கின் கலர்" என்கிறார்கள். ஆறு கைகளும் அதற்கே நீண்டன. முதலில் எடுத்தவள் என் மகள். அவள் என்னைப் போலக் கறுத்தவள்.

"கண்ணாடியைப் பார், அந்த நிறமா நீ?" என்று கேட்டேன்.

அவள் கண்ணாடியைப் பார்க்காமலே, "அழகா வரையணும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க" என்றாள்.

என்னால் பதில் சொல்லக்கூடவில்லை. வெயிலில் ஆடாதே, கறுத்துப் போவாய் என்று எத்தனை முறை அவளைக் கூப்பிட்டிருக்கிறேன்! ஆராதனைக்குப் புறப்படும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு கை பவுடர் அதிகமாக அப்பினவளும் நானே. உன்னதப்பாட்டின் முதலாம் அதிகாரத்திலே, வெயில்பட்ட தன் கருநிறத்தையும் தன் அழகையும் சேர்த்தே சொல்லுகிற பெண்ணைக் குறித்து எத்தனையோ செய்திகளைக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பவுடர் டப்பாவைத் திறந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் கிரயோலா நிறுவனமும் இப்படியொரு குச்சிக்குச் "சதை நிறம்" என்று பெயரிட்டிருந்து, 1962-ல் அதைப் "பீச்" பழத்தின் பெயராக மாற்றியது. நம் வீடுகளில் அந்தப் பழைய பெயர் இன்னும் மாறவில்லை.

பிறகு குச்சிகளை ஒவ்வொன்றாகப் புறங்கையின் அருகில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றுகூட யாருக்கும் பொருந்தவில்லை. சிவந்த பிள்ளை என்று நாம் சொல்லும் பையனுக்கும் அந்த இளஞ்சிவப்பு பொருந்தவில்லை! ஆகவே கலந்தோம். அடியில் அடர்ந்த பழுப்பு, வெளிச்சம் விழும் நெற்றியிலும் மூக்கிலும் ஆரஞ்சும் சிறிது மஞ்சளும், மோவாயின் கீழே ஊதா. கறுப்பை மட்டும் தொடவிடவில்லை. அது மற்ற நிறங்களையெல்லாம் அழுக்காக்கிவிடும்.

ஊதாவா என்று அவர்கள் சிரித்தபோது, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். பிரான்சு தேசத்து ஓவியரான ஷார்டின், எண்ணெய் வண்ணத்தால் கண் பாதிக்கப்பட்டு, முதிர்வயதில் பேஸ்டலுக்கு மாறியவர். 1771-ல், எழுபது வயதைக் கடந்தபின், மூக்குக்கண்ணாடியோடும் தலையில் கட்டிய துணியோடும் தன்னை வரைந்தார். அந்தப் படம் பாரீசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன் முதுமையை அவர் மறைக்கவில்லை. "தாத்தா ஏன் தன்னைச் சின்னப் பையனா வரையலை?" என்று ஒரு பிள்ளை கேட்டது. என் மகள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இளஞ்சிவப்பைத் துணியால் துடைத்தாள். முழுவதும் போகவில்லை, அதன்மேலேயே பழுப்பைத் தேய்த்தாள். கன்னத்தில் அந்தப் பழைய நிறம் இன்னும் லேசாகத் தெரிகிறது. கண்கள் நெற்றியில்தான் இருக்கின்றன. விழுந்த முன்பல்லின் இடைவெளியை மட்டும் மிகுந்த கவனத்தோடு வரைந்திருக்கிறாள்.

படத்தைக் கதவருகில் ஒட்டினோம். அன்று மாலை அவள் விளையாட ஓடினபோது, வெயில் இன்னும் தாழவில்லை. பழைய வார்த்தை என் நாவின் நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். வாசலில் நின்று திரும்பி, "உங்க படம் எங்கேம்மா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை வரைவதாகச் சொல்லியிருக்கிறேன். பழுப்புக் குச்சி தீர்ந்துபோயிற்று; அதற்குள் இன்னொரு பெட்டி வாங்க வேண்டும்.