ஒரு கீபோர்டு, ரெண்டு கம்ப்யூட்டர்

பி.காம் படிக்கிறவர்களுக்குப் பழக்கமான காட்சிதான். லேப்டாப்பில் பில்கள் பிடிஎஃப்பாகத் திறந்திருக்கும். பக்கத்திலேயே டெஸ்க்டாப்பில் டாலி. ஒரு வியாபாரியின் ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. அதை இங்கே பார்த்து, கழுத்தைத் திருப்பி, அங்கே அடிக்க வேண்டும். நடுவில் அது ‘ஓ’வா பூஜ்யமா என்று சந்தேகம் வேறு வரும். லேப்டாப் மவுஸை ஆட்டிவிட்டு டெஸ்க்டாப் ஏன் நகரவில்லை என்று முறைப்பதெல்லாம் தனிக்கதை :-)

இதற்கு ரெண்டு வழி இருக்கிறது. ஒன்று, கேவிஎம் ஸ்விட்ச் என்ற பெட்டி. பொத்தானைத் தட்டினால் கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மூன்றும் அடுத்த கம்ப்யூட்டருக்கு மாறும். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்னொன்று மென்பொருள். ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போதும், காசில்லாமலே முடியும். நான் சொல்ல வந்தது இந்த ரெண்டாவது வழியைப் பற்றி.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. கீபோர்டும் மவுஸும் செருகியிருக்கும் கம்ப்யூட்டர் சர்வர். மற்றது கிளையன்ட். கர்சர் சர்வர் திரையின் ஓரத்தைத் தொட்டதும், அதற்குப் பிறகு நீங்கள் அடிக்கும் எழுத்தும் மவுஸ் அசைவும் நெட்வொர்க் வழியாகக் கிளையன்டுக்குப் போகும். தன்னிடமே கீபோர்டு இருக்கிற மாதிரி அது நடந்துகொள்ளும். திரையின் படம் எதுவும் பயணம் செய்வதில்லை, அதனால் டேட்டா மிகக் கொஞ்சம்தான் ஓடும். கிளிப்போர்டும் சேர்ந்தே போகும். அதாவது லேப்டாப்பில் ஜிஎஸ்டி எண்ணைக் காப்பி செய்து, டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்யலாம். ‘ஓ’வா பூஜ்யமா பிரச்சினை அதோடு ஒழிந்தது.

இந்த வகையில் ரொம்பப் பேர் அறிந்த பெயர் சினர்ஜி. 2001-ல் வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிற்பாடு அது விலைக்கு விற்கப்பட்டாலும், அதன் மூல நிரல் திறந்த உரிமத்தில் இருந்ததால் அதிலிருந்து பாரியர் என்ற இலவசக் கிளை பிறந்தது. பாரியரில் உழைத்தவர்கள் 2021-ல் இன்புட் லீப் என்று பிரிந்தார்கள். 2024-ல் சினர்ஜியின் இலவசப் பதிப்பே டெஸ்க்ஃப்ளோ என்று பெயர் மாறியது. கடை கைமாறினாலும் சரக்கு கெடவில்லை!

ரெண்டும் விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் போதும். 2011-ல் வந்தது, 2023-லிருந்து பவர்டாய்ஸில் சேர்ந்தே வருகிறது. நாலு கம்ப்யூட்டர் வரை தாங்கும். மேக், ஐபேட் வைத்திருக்கும் பாக்கியவான்களுக்கு 2022-ல் வந்த யுனிவர்சல் கன்ட்ரோல் இருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான மேட்டர். இலவசம் என்றதும் நாம் பார்க்க மறப்பது ஒன்று உண்டு. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் நெட்வொர்க்கில் போகிறது. பேங்க் பாஸ்வேர்டும் எழுத்துதானே? ஆரம்பகால சினர்ஜியில் அவை எந்தப் பூட்டும் இல்லாமல்தான் போயின. எஸ்எஸ்ஹெச் வழியாக அனுப்புங்கள் என்று அதன் கையேடே சொன்னது. இப்போதுள்ளவற்றில் டிஎல்எஸ் குறியாக்கம் இருக்கிறது. அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். முதல் முறை இணையும்போது கிளையன்டில் ஒரு நீளமான கைரேகை எண் வரும். சர்வரில் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் ‘எஸ்’ கொடுக்க வேண்டும். லெட்ஜரை டேலி பண்ணுகிற நமக்கு இது பெரிய வேலையா என்ன?

கிளிப்போர்டும் அப்படித்தான். ப்ராஜெக்ட் அவசரத்துக்கு நண்பரின் லேப்டாப்பைக் கிளையன்டாக இணைத்தால், நீங்கள் காப்பி செய்த பாஸ்வேர்டும் கர்சரோடு சேர்ந்து அங்கே போய்விடும். நண்பர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் லேப்டாப்பில் என்னென்ன வைரஸ் குடியிருக்கிறதோ யாருக்குத் தெரியும்? அந்தச் சமயத்தில் கிளிப்போர்டு பகிர்வை அணைத்துவிடுவது நல்லது.

நடைமுறைச் சிக்கல்கள் சில. பல ஹாஸ்டல் வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவே முடியாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ரெண்டையும் அதில் இணையுங்கள். மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால் லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். இணைப்பே கிடைக்காவிட்டால் ஃபயர்வாலில் 24800 போர்ட்டைத் திறக்க வேண்டியிருக்கும் (சினர்ஜி வகையறாவுக்கு மட்டும்). பயாஸ் திரையில் இது எதுவும் வேலை செய்யாது, ஏனென்றால் மென்பொருள் ஓட முதலில் கம்ப்யூட்டர் எழுந்திருக்க வேண்டுமே. அதனால் பழைய கீபோர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கீபோர்டு செத்துப்போன பழைய லேப்டாப் யார் வீட்டிலாவது தூங்கிக்கொண்டிருந்தால், எடைக்குப் போடும் முன்னால் ஒருமுறை யோசியுங்கள். ஒரு யுஎஸ்பி கீபோர்டைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கி, டெஸ்க்ஃப்ளோவை நிறுவி, கம்ப்யூட்டரோடு தானாகத் தொடங்கும்படி அமைத்துவிட்டால், அது உங்கள் ரெண்டாவது திரையாக இன்னும் சில வருஷம் உழைக்கும். குறியாக்கத்தை மட்டும் மறக்க வேண்டாம்.